தோள் மாற்றும் நேரம்

பதினைந்து பேர் கொண்ட அணியைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால், முதல் எட்டு ஒன்பது பெயர்களுக்கு யாரும் வாய் திறக்க வேண்டியிருக்காது. டீ வருவதற்குள் எழுதி முடித்துவிடலாம். மிச்சமிருக்கும் இடங்களுக்குத்தான் மத்தியானம் முழுக்க ஓடிவிடும். அதிலும் கடைசி இரண்டு மூன்று இடங்களில் எப்போதும் ஒரே வழக்குதான்: முப்பத்துமூன்று வயதுக்காரருக்கு இன்னொரு சீசன் கொடுப்பதா, பத்தொன்பது வயதுப் பையனை உள்ளே கொண்டுவருவதா?

சென்னை லீகில் ஆடி முடித்த பிறகு மாநில அளவில் முதலில் ஜூனியர், அப்புறம் சீனியர் தேர்வுக்குழுக்களில் பல வருடங்கள் இருந்தேன். இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் அறைக்குள் எனக்கு இடம் இருந்ததில்லை. ஆனால் அந்த அறையில் இருந்தவர்கள் சிலரோடு ரஞ்சி, துலீப் ஆட்டங்களைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் இதே வழக்குதான். எங்கள் முடிவைப் பற்றி மறுநாள் மாம்பலத்திலும் திருவல்லிக்கேணியிலும் பேசுவார்கள். அவர்கள் முடிவைப் பற்றி நாடே பேசும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது நாலு சீனியர், நாலு இளைஞர், நடுவில் மூன்று பேர் என்ற கணக்காகத் தெரிகிறது. அப்படிக் கணக்குப் போட்டு யாரும் அணி எடுத்து நான் பார்த்ததில்லை. யார் பக்கத்தில் யார் நின்று ஆடப்போகிறார்கள், யார் போனால் அந்த இடத்தில் நிற்க ஆள் தயாரா என்பதைத்தான் நல்ல தேர்வாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கேட்காத இடங்களில் அணி சரிந்தது.

இதை நான் முதலில் புரிந்துகொண்டது நம் அணியைப் பார்த்தல்ல, எதிரணியைப் பார்த்து. 1986 செப்டம்பர். சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட். வெயிலும் புழுக்கமும் சொல்லி மாளாது. கேலரியில் சும்மா உட்கார்ந்திருந்த எங்களுக்கே தலை சுற்றியது. நடுவில் டீன் ஜோன்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். அவருக்கு அது மூன்றாவது டெஸ்ட்தான். ரன் ஓடுவார், ஓரமாகப் போய் வாந்தி எடுப்பார், திரும்பி வந்து அடுத்த பந்தைச் சந்திப்பார். 210 அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். எதிர்முனையில் கேப்டன் ஆலன் பார்டர். தாங்க முடியவில்லை, வெளியே போகிறேன் என்று ஜோன்ஸ் கேட்டபோது, உன்னால் முடியாவிட்டால் சொல், குயின்ஸ்லாந்துக்காரன் ஒருவனை வரச்சொல்கிறேன் என்று பார்டர் சீண்டிய கதையை ஜோன்ஸே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த ஆட்டம் ‘டை’ ஆனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பார்டரும் அதே இன்னிங்ஸில் 106 அடித்தார் என்பது பலருக்கு ஞாபகம் இல்லை. என்னைப் பொறுத்தவரை விஷயமே அதுதான்.

அந்த அணியின் பின்கதை தெரிந்தால்தான் பார்டர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். 1984 ஜனவரியில் சிட்னி டெஸ்டோடு கிரெக் சாப்பல், டென்னிஸ் லில்லி, ராட்னி மார்ஷ் மூவரும் சேர்ந்தே விடைபெற்றார்கள். ஒரே டெஸ்டில் ஒரு அணியின் முதுகெலும்பு கழன்று போனது. அடுத்து, தடையை மீறித் தென்னாப்பிரிக்காவுக்குப் போன அணியோடு இன்னொரு கூட்டமும் போனது. கையில் மிஞ்சிய பொடியன்களை வைத்துக்கொண்டு பார்டர் மல்லுக்கட்டினார். 1986-ல் பாப் சிம்ப்சன் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார். 1987 அக்டோபர் 9, உலகக் கோப்பையில் அதே சேப்பாக்கம், அதே இரண்டு அணிகள். கடைசி ஓவரை இருபத்திரண்டு வயது ஸ்டீவ் வாவிடம் கொடுத்தார் பார்டர். மனிந்தர் சிங் போல்டு. ஒரு ரன்னில் தோற்றோம். ஊரே வாடிப்போய் வீடு திரும்பியது. ஒரு மாதம் கழித்து கல்கத்தாவில் அவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள். 1989-ல் இங்கிலாந்துக்குப் போய் 4-0 என்று ஆஷஸை வென்றார்கள்.

ஸ்டீவ் வா, டேவிட் பூன், கிரெய்க் மெக்டெர்மாட் என்று அந்தப் பையன்கள் எல்லோரும் பார்டரைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர் பக்கத்தில் நின்று அறிவுரை சொன்னதால் வளர்ந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர் அடித்தார், அதனால் கேட்டார்கள். ‘பையன்களுக்கு வழிகாட்ட ஒரு சீனியர் வேண்டாமா?’ என்ற வாதம் தேர்வுக்குழுவில் வரும்போதெல்லாம் நான் எதிர்த்திருக்கிறேன். வழிகாட்ட கோச் இருக்கிறார். ரன் அடிக்காத சீனியரின் பேச்சு டிரெஸ்ஸிங் ரூமில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் எடுபடாது. அதைவிட மோசம், அது அவருக்கும் தெரியும்.

பக்கத்தில் ஆள் இல்லாமல் போன பையனுக்கு என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. எல். சிவராமகிருஷ்ணன் 1983-ல் மேற்கிந்தியத் தீவுகளில் முதல் டெஸ்ட் ஆடியபோது வயது பதினேழு. 1984-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராகப் பன்னிரண்டு விக்கெட். அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் அவர் பந்தைப் படிக்க ஆள் இல்லை. இருபது வயதில் டெஸ்ட் வாழ்க்கை முடிந்துவிட்டது. மொத்தம் ஒன்பது டெஸ்ட். லெக் ஸ்பின் என்பது அடி வாங்கி வாங்கிக் கற்கிற வித்தை. சந்திரசேகர் 1979-லேயே ஆடி முடித்துவிட்டார். பந்து கையைவிட்டுச் சரியாக வராத நாளில் என்ன செய்வது என்று எதிர்முனையில் இருந்து சொல்ல, அதே வித்தை தெரிந்த இன்னொருவர் அணியில் இல்லை. அப்படி ஒரு பந்துவீச்சை நம் தெருக்களில் வளர்ந்த பையனிடம் பார்த்துவிட்டு, அது அவ்வளவு சீக்கிரம் அணைந்ததையும் பார்த்தவர்களுக்கு இன்றும் ஆறவில்லை. எனக்கும் ஆறவில்லை.

தேர்வாளர் மைதானத்தில் என்ன பார்க்கிறார் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஸ்கோர் பார்க்க மைதானத்துக்குப் போக வேண்டியதில்லை, பேப்பரிலேயே வரும். சீனியர் பேட்ஸ்மேன் என்றால் அவர் எப்படி அவுட் ஆகிறார் என்று முதலில் பார்ப்பேன். ஸ்லிப்பில் கேட்ச் கொடுத்தால் கவலைப்படமாட்டேன், எல்லோரும் கொடுப்பார்கள். நேர்ப் பந்தில் எல்.பி.டபிள்யூ., போல்டு என்று தொடர்ந்து வர ஆரம்பித்தால் கண் மந்தமாகிறது என்று அர்த்தம். முன்கால் வழக்கமாகப் போகிற இடத்துக்குச் சாண் தூரம் முன்னாலேயே நின்றுவிடும். மட்டை வரும், ஆனால் பந்துக்குக் கொஞ்சம் பின்னால் வரும். முப்பது வயதில் பாயின்டில் நின்றவர், யாரும் சொல்லாமலே ஸ்லிப்புக்கு நகர்வார். தர்ட் மேனில் இருந்து கீப்பரின் கைக்கு நேராக வந்த எறி, ஒரு பிட்ச் ஆகி வரும். அடுத்த வருடம் இரண்டு பிட்ச். இரண்டாவது ரன்னுக்கு எதிர்முனைக்காரர் கூப்பிடும்போது கையைக் காட்டி நிறுத்துவார். இதெல்லாம் சதம் அடித்த நாளிலும் தெரியும்.

பையன்களிடம் பார்ப்பது வேறு. முதல் இன்னிங்ஸில் பூஜ்யத்துக்கு அவுட் ஆனவன் இரண்டாவது இன்னிங்ஸில் முதல் இருபது பந்தை எப்படி ஆடுகிறான்? முதல் ஸ்பெல்லில் ஏழெட்டு பவுண்டரி வாங்கியவன், டீக்கு அப்புறம் பந்தைக் கொடுத்தால் கேப்டன் முகத்தைப் பார்க்கிறானா, பீல்டிங்கைப் பார்க்கிறானா? ரன்னர் முனையில் நிற்கும்போது பந்துவீச்சாளரின் மணிக்கட்டைப் பார்க்கிறானா, சும்மா நிற்கிறானா? நெட்ஸில் தன் முறை முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போகிறானா, சீனியர் ஆடும் நெட்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறானா? கடைசியில் சொன்னதற்கு நான் நிறைய மதிப்பெண் கொடுத்திருக்கிறேன்.

வயதும் அனுபவமும் ஒன்றில்லை என்பதை 2001 மார்ச்சில் சேப்பாக்கத்தில் கண்ணெதிரே பார்த்தேன். ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கல்கத்தாவில் லட்சுமணும் திராவிடும் ஆடிய ஆட்டத்துக்கு அடுத்த டெஸ்ட். தொடர் 1-1. அனில் கும்ப்ளே காயத்தில் வெளியே. அந்த இடத்தில் இருபது வயது ஹர்பஜன் சிங்தான் வேண்டும் என்று கேப்டன் கங்குலி விடாப்பிடியாக நின்று வாங்கியிருந்தார். சென்னை டெஸ்டில் மட்டும் ஹர்பஜனுக்குப் பதினைந்து விக்கெட். மூன்று டெஸ்டில் 32. கடைசி நாள் 155 எடுத்தால் தொடர் நமக்கு. லட்சுமண் 66 எடுத்துக் கொடுத்துவிட்டுப் போன பிறகு மளமளவென்று சரிந்து எட்டு விக்கெட் போய்விட்டது. களத்தில் ஹர்பஜனும், அந்த டெஸ்டில்தான் இந்தியத் தொப்பி வாங்கிய சமீர் திகேவும்.

திகேவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. மும்பைக்காக வருடக்கணக்கில் கீப்பிங் செய்தவர். உள்ளூர் ஆட்டங்களில் இந்த மாதிரிக் கடைசி மணி நேரங்களை எத்தனையோ பார்த்திருப்பார். அவர் அந்த மாலையில் ஆடியதை நான் மறக்கமாட்டேன்: பவுண்டரிக்கு ஆசைப்படவில்லை, இடைவெளியில் தட்டிவிட்டு ஒன்று, மறுபடி ஒன்று. 22 நாட் அவுட். வெற்றி ரன் ஹர்பஜனின் மட்டையில் இருந்து வந்தது, மெக்ரா பந்தில். ஹர்பஜனுக்கு அந்த நிதானத்தை அவர் கொடுத்தாரா, தானாக வந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் சர்வதேச ஆட்டக் கணக்கை மட்டும் பார்த்து ‘அனுபவம் இல்லாதவர்’ என்று திகேவைத் தள்ளியிருந்தால் அந்த மாலை வேறு மாதிரி முடிந்திருக்கலாம். ரஞ்சியில் பத்து வருடம் வேர்வை சிந்தியவர் புதியவர் அல்ல என்று நான் அறைக்குள் வாதாடும்போதெல்லாம் அந்த 22 ரன்னைத்தான் சொல்வேன்.

இப்படிப்பட்டவர்களைத்தான் நம் முறை அதிகம் வீணடித்திருக்கிறது. சீனியருக்கும் இளைஞருக்கும் நடுவில் ஒரு வரிசை இருக்கிறது. இருபத்தைந்தில் தயாராகி, மேலே இடம் காலியாகாமல் முப்பது வரை காத்திருப்பவர்கள். இடம் காலியாகும்போது, ‘இனிமேல் இவரை எடுத்து என்ன, பையனை எடுக்கலாமே’ என்று பேச்சு மாறிவிடும். எஸ். பத்ரிநாத் முதல்தரக் கிரிக்கெட்டில் பத்தாயிரம் ரன்னுக்கு மேல் குவித்தவர். அவருக்கு முன்னால் திராவிட், சச்சின், லட்சுமண், கங்குலி. முதல் டெஸ்ட் 2010 பிப்ரவரியில், நாக்பூரில், இருபத்தொன்பது வயதில். ஸ்டெய்ன் தீயாய் வீசிய அந்த ஆட்டத்தில் 56 எடுத்தார். மொத்தம் இரண்டே டெஸ்ட். அதற்கும் ஐம்பது வருடம் முன்பு லெக் ஸ்பின்னர் வி.வி. குமாருக்கும் இரண்டே டெஸ்ட்தான். திறமைக்குக் குறைவில்லை, பிறந்த வருடம் ஒத்துவரவில்லை.

தேர்வுக்குழுவில் இருந்த காலத்தில் நான் விடாப்பிடியாக வைத்திருந்த ஒரு வழக்கம் உண்டு. சீனியர் ஒருவரை எடுப்பதில்லை என்று முடிவானால், பட்டியல் வெளியே போவதற்குள் அவருக்கு நானே போன் செய்வேன். டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை யாருக்கும் வரக்கூடாது. ஒருமுறை நீண்ட நாள் தொடக்க ஆட்டக்காரர் ஒருவரிடம் பேசினேன்.

“இந்த லிஸ்ட்ல உங்க பேர் இல்லப்பா. மொதல்ல நானே சொல்லணும்னு கூப்பிட்டேன்.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “யாரை எடுத்திருக்கீங்க சார்?” என்றார். சொன்னேன்.

“நல்ல பையன் சார். ஆனா ஷார்ட் பாலுக்குக் கண்ணை எடுத்துடறான். மொதல் மேட்ச் எங்க?”

“மொகாலி.”

“அங்க வேணாம் சார். ஹோம் மேட்ச்ல எறக்குங்க. நான் வேணும்னா இந்த வாரம் நெட்ஸுக்கு வந்து அவனுக்குப் பந்து எறியறேன்.”

வந்தார். ஈரப்படுத்திய டென்னிஸ் பந்தைப் பதினெட்டு கஜத்தில் இருந்து நெஞ்சுக்கு நேராக எறிந்தார், மூன்று நாள். வெளியே அனுப்பும் விதத்தில் மரியாதை இருந்தால் போகிறவர் தன் தொழிலைக் கொடுத்துவிட்டுப் போவார். பட்டியலைப் படித்துத் தெரிந்துகொண்டவர் கொடுக்கமாட்டார். கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் நமக்கு உரிமை இல்லை.

2007-ல் நடந்தது எங்கள் தலைமுறைத் தேர்வாளர்களின் பேச்சையே மாற்றியது. மார்ச்சில் மேற்கிந்தியத் தீவுகளில் உலகக் கோப்பை. பெரிய பெயர்கள் எல்லாம் இருந்த இந்திய அணி வங்கதேசத்திடம் 191-க்குச் சுருண்டது. எதிரணியில் அரைச்சதம் அடித்த தமீம், முஷ்பிகுர், ஷகிப் மூவருக்குமே அன்று இருபது வயது நிரம்பவில்லை. செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் டி20 உலகக் கோப்பைக்கு சச்சின், திராவிட், கங்குலி தாங்களாகவே ஒதுங்கிக்கொள்ள, தோனி தலைமையில் போன இளைஞர் அணி ஜோகன்னஸ்பர்கில் கோப்பையை வென்றது. அடுத்து 2008-ல் ஆஸ்திரேலிய முத்தரப்புத் தொடருக்கு கங்குலியும் திராவிடும் எடுக்கப்படவில்லை. பீல்டிங்தான் காரணம் என்று வெளிப்படையாகவே பேசப்பட்டது. கங்குலியை நேசித்த ஊர்கள் கொதித்தன.

அந்தத் தொடரை இளைஞர்கள் வென்றார்கள் என்றே எல்லோரும் எழுதினார்கள். நான் ஸ்கோர் கார்டை வைத்துக்கொண்டு பேசுகிறேன். முதல் இறுதி ஆட்டம், சிட்னி: சச்சின் 117 நாட் அவுட். கூட நின்று 66 அடித்தது இருபது வயது ரோஹித் சர்மா. இரண்டாவது இறுதி ஆட்டம், பிரிஸ்பேன்: சச்சின் 91, பந்தில் இருபத்தொரு வயது பிரவீண் குமாருக்கு நாலு விக்கெட். மூன்று பெரியவர்களில் இருவரை விட்டுவிட்டு ஒருவரை வைத்துக்கொண்டதுதான் அங்கே நடந்த தேர்வு. மூவரையும் விட்டிருந்தாலும் தோற்றிருப்போம், மூவரையும் வைத்திருந்தாலும் தோற்றிருப்போம் என்பது என் கட்சி.

அதே தெளிவு டெஸ்ட் அணிக்கு வாய்க்கவில்லை. 2011-ல் இங்கிலாந்தில் 0-4. திராவிட் மட்டும் மூன்று சதம் அடித்தார். அடுத்து ஆஸ்திரேலியாவிலும் 0-4. அங்கே இந்தியாவுக்கு வந்த ஒரே சதம் அடிலெய்டில் கோலி அடித்தது. 2012 மார்ச்சில் திராவிட் விடைபெற்றார், ஆகஸ்டில் லட்சுமண். கோலி, புஜாரா, ரஹானே என்று வரிசை எழுந்து நிற்கச் சில காலம் பிடித்தது.

சேப்பாக்கத்தில் ஆட்டம் முடிந்தால் நான் பார்த்தசாரதி கோயில் வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பேன். உற்சவ நாள் என்றால் மாட வீதியில் பெருமாள் வந்துகொண்டிருப்பார். அவரைச் சுமந்து வரும் ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள் மாற்றுவதை நின்று பார்ப்பேன். புறப்பாடு நிற்காது. ஒரு ஆள் உள்ளே நுழைந்து தண்டுக்குக் கீழே தோளைக் கொடுத்து, பாரம் தன்மேல் இறங்கியதைச் சொன்ன பிறகுதான் பழைய ஆள் விலகுவார். நாலு மூலையிலும் ஒரே நேரத்தில் மாற்றமாட்டார்கள்.

கிரிக்கெட்டில் பெரிய அணிகளே இதைத் தவறவிட்டிருக்கின்றன. 2007 ஜனவரியில் சிட்னியில் வார்ன், மெக்ரா, லாங்கர் மூவரும் ஒரே டெஸ்டில் விடைபெற்றார்கள். டேமியன் மார்டின் அந்தத் தொடரின் நடுவிலேயே போயிருந்தார். கில்கிறிஸ்ட் 2008-ல், ஹேடன் 2009 தொடக்கத்தில். 1984-ல் பட்ட பாட்டை மறந்த மாதிரி. 2009-லும், 2010-11-ல் சொந்த மண்ணிலும் ஆஷஸை இழந்தார்கள். இலங்கைக்கு இன்னும் வலித்தது. ஜெயவர்தனே 2014 ஆகஸ்டில் டெஸ்டில் இருந்து போனார், சங்கக்காரா 2015 ஆகஸ்டில். இருவரும் கிட்டத்தட்ட பதினைந்து வருடம் சேர்ந்து தாங்கிய பாரம் அது. 2017-ல் இந்தியா அங்கே போய் மூன்று டெஸ்டையும் வென்றது; அதற்குச் சற்று முன் ஜிம்பாப்வே வந்து ஒருநாள் தொடரைத் தட்டிக்கொண்டு போனது. கேப்டன்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். திறமையான பையன்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஒருவன் காலூன்றும்வரை எதிர்முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இந்தியா இந்தப் பள்ளத்தில் திரும்ப விழாமல் இருந்ததற்குக் காரணம், டி.வி.யில் காட்டாத ஒரு வேலை. 2015-ல் ராகுல் திராவிட் ‘ஏ’ அணிக்கும் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணிக்கும் பயிற்சியாளரானார். ‘ஏ’ அணியோடு வெளிநாடு போகிற பையன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வரக்கூடாது, எல்லோருக்கும் ஆட்டம் கிடைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்குமுன் வெளிநாட்டுப் பிட்ச்சைப் பையன்கள் முதன்முதலில் பார்ப்பதே டெஸ்டில்தான் என்ற நிலை இருந்தது.

பலன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் தெரிந்தது. அந்த ஆஸ்திரேலியத் தொடரின் தொடக்கத்தில் அடிலெய்டில் 36 ஆல் அவுட். கோலி ஊர் திரும்பிவிட்டார். காயத்தில் ஒவ்வொருவராக விழுந்து, நாலாவது டெஸ்டுக்கு இறங்கிய ஐந்து பந்துவீச்சாளர்களின் மொத்த டெஸ்ட் அனுபவம் நாலே ஆட்டம். அதில் இருவருக்கு அன்றுதான் முதல் டெஸ்ட்: வாஷிங்டன் சுந்தரும் டி. நடராஜனும். வாஷிங்டன் 2017-க்குப் பிறகு முதல்தர ஆட்டமே ஆடியிருக்கவில்லை. நடராஜன் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். நெட் பவுலராகப் போனவர். அவருக்கு வயது இருபத்தொன்பது. ரஞ்சியில் நுழைந்த புதிதில் பந்துவீசும் முறை சந்தேகத்துக்கு உள்ளாகி, கையைத் திருத்திக்கொண்டு, லீகிலும் டி.என்.பி.எல்.லிலும் பந்து போட்டு மேலே வந்தவர். முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் தலா மூன்று விக்கெட். அப்புறம் வாஷிங்டன் 62, ஷர்துல் தாக்கூர் 67, இருவரும் சேர்ந்து 123.

கடைசி நாள் 328-ஐத் துரத்தி வென்றோம். கில் 91, ரிஷப் பந்த் 89 நாட் அவுட். இந்த இரண்டு இன்னிங்ஸையும் எல்லோரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டியதுதான். புஜாரா 211 பந்தில் 56. விரலில், தோளில், ஹெல்மெட்டில் என்று உடம்பெல்லாம் அடி. ஆஸ்திரேலிய வேகப்பந்துக்காரர்கள் மூவரின் புத்துணர்ச்சியையும் அவர் உடம்பு வாங்கிக்கொண்டது. களைத்த கால்களை பந்த் சந்தித்தார். 1988-க்குப் பிறகு அதுவரை அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா தோற்றதே இல்லை. அந்த நாளை ‘இளைஞர்களின் வெற்றி’ என்று எழுதியவர்கள் பாதியைத்தான் பார்த்தார்கள்.

நம் ஊர்க்காரனாக எனக்குக் கண் நிறைந்த நாள் 2024 அக்டோபர் 24. புனேயில் நியூசிலாந்துடன் இரண்டாவது டெஸ்ட். சில நாள் முன்புதான் டெல்லிக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் வாஷிங்டன் 152 அடித்திருந்தார். அங்கிருந்து நேராக டெஸ்ட் அணிக்கு. நியூசிலாந்தின் முதல் மூன்று விக்கெட் அஸ்வினுக்கு. அடுத்த ஏழும் வாஷிங்டனுக்கு. அரைச்சதம் தாண்டி ஆடிக்கொண்டிருந்த ரச்சின் ரவீந்திராவை போல்டாக்கிய பந்தை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பத்து விக்கெட்டும் சென்னையின் இரண்டு ஆஃப் ஸ்பின்னர்களுக்கு. அந்த டெஸ்டில் தோற்றோம், தொடரையும் 0-3 என்று தோற்றோம்; அதற்கு பேட்டிங் காரணம். ஆனால் அந்தப் பிற்பகலில் ஒரு தோளில் இருந்து இன்னொரு தோளுக்குப் பாரம் இறங்கியதைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில், பிரிஸ்பேனில், 537 விக்கெட்டோடு அஸ்வின் விடைபெற்றார். தொடரின் நடுவில் போனது எனக்கு வருத்தம். இன்னும் நல்ல விதமாக, முன்கூட்டிப் பேசி, சேப்பாக்கத்தில் ஒரு டெஸ்ட் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டியவர் அவர்.

2025 மே மாதம் ஒரே வாரத்துக்குள் ரோஹித்தும் கோலியும் டெஸ்டில் இருந்து விலகினார்கள். எனக்குப் பயம் வந்தது. ஐந்து மாதத்தில் மூன்று பேர். கில் இருபத்தைந்து வயதில் கேப்டனாக இங்கிலாந்துக்குப் போனார். நம் சாய் சுதர்சன் லீட்ஸில் அறிமுகமாகி 0, 30 எடுத்தார். அடுத்த இரண்டு டெஸ்டில் உட்கார வைக்கப்பட்டார். அவர் நின்ற மூன்றாம் இடத்துக்கு முப்பத்துமூன்று வயது கருண் நாயர் நகர்த்தப்பட்டார். 2016-ல் சேப்பாக்கத்தில் 303 நாட் அவுட் அடித்தும் மறு வருடமே அணியை விட்டுப் போய், எட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். கருணை அழைத்தது நியாயம். உள்ளூரில் மலை மாதிரி ரன் குவித்திருந்தார். சாயை ஒரே ஆட்டத்தில் நிறுத்தியதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பையனை எடுத்தால் மூன்று டெஸ்டாவது கொடுக்க வேண்டும். கொடுக்க மனமில்லை என்றால் எடுக்கக் கூடாது. மான்செஸ்டரில் திரும்ப வாய்ப்புக் கிடைத்ததும் முதல் இன்னிங்ஸில் 61 எடுத்தார்.

மான்செஸ்டரில்தான் அந்த அணி எதனால் பிழைத்தது என்று தெரிந்தது. 311 ரன் பின்தங்கிய நிலையில், முதல் ஓவரிலேயே ரன் எதுவும் இல்லாமல் இரண்டு விக்கெட். கில் சதம், கே.எல். ராகுல் 90. ரிஷப் பந்த்தின் கால் எலும்பு முறிந்திருந்ததால் வாஷிங்டன் ஐந்தாவதாக வந்தார். எதிரே ஜடேஜா, முப்பத்தாறு வயது. முதல் பந்திலேயே ஸ்லிப்பில் கொடுத்த கேட்சை ரூட் விட்டார். அதன் பிறகு இருவரும் அசையவில்லை. ஸ்டோக்ஸ் கை குலுக்கி முடித்துக்கொள்ளலாம் என்று வந்தபோது ஜடேஜா 89, வாஷிங்டன் 80. மாட்டோம் என்றார்கள். இருவரும் சதம் அடித்தார்கள். வாஷிங்டனுக்கு அது முதல் டெஸ்ட் சதம். பிரியாத 203. ஓவலில் ஆறு ரன்னில் வென்று தொடரை 2-2 என்று முடித்தார்கள்.

இப்போது தேர்வாளர்களின் மேசையில் இருக்க வேண்டிய பெயர் ஜடேஜாவுடையது. அவரை எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆடும்வரை அவர் இருக்க வேண்டும். இடது கையால் சுழற்றவும், ஏழாவதாக வந்து ஒரு நாளை ஓட்டவும் தெரிந்த இளைஞன் யார் என்று இப்போதே பார்த்து, அவரோடு அதே டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார வைத்து, சுழலுக்கு ஒத்த பிட்ச் கிடைக்கும் டெஸ்ட்களில் இருவரையும் சேர்த்து இறக்க வேண்டும். அஸ்வின் பக்கத்தில் வாஷிங்டன் நின்ற மாதிரி, ஜடேஜா மறுமுனையில் இருந்து போடும்போதே அந்தப் பையன் இந்த முனையில் இருந்து போடட்டும்.